பன்றி ஏறாத வண்டி

பாகுலியின் வீட்டு முன்னறையில் ஆறு வருஷமாக ஒரு கார் குடியிருந்தது. வாடகை தராத குடித்தனம், காலி செய்யச் சொன்னாலும் போகாத குடித்தனம். தீவின் நடுவே மலையூரான அன்சிராபேயில் பஞ்சாலை வாசலுக்கு நேரெதிரே, தெருவைப் பார்த்து இரட்டைக் கதவு வைத்த முன்னறை எத்தனை பேருக்கு வாய்க்கும்? மாமனார் செங்கல் செங்கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. மரப்படி ஏறிப்போனால் மேலே படுக்கை, கீழே இந்த அறை, பின்முற்றத்தில் அடுப்படி. அறையில் எட்டு மேசை போடலாம் என்று பாகுலி அளந்து வைத்திருந்தாள். அளக்கும்போது நாடாவைக் காருக்கு அடியில் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவள் வியாபாரம் தெருவுக்கு அந்தப் பக்கம், ஆலைச் சுவரோரம், தள்ளுவண்டியில் நடந்தது. காலையில் அரிசிமாவுப் பணியாரம், மதியம் சோறும் ரவிதுதுவும். மரவள்ளி இலையை உரலில் இடித்து, கொழுப்புள்ள பன்றிக் கறியோடு சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறவரை சிறு தீயில் வேகவைக்கிற ரவிதுதுவில் பாகுலியை அடித்துக்கொள்ள அந்த வீதியில் ஆளில்லை. சங்கு ஊதியதும் ஆலையாட்கள் வேறெங்கும் பார்க்காமல் அவளிடம்தான் வருவார்கள். வந்து என்ன, உட்கார இடம் கிடையாது. நவம்பர் பிறந்துவிட்டால் மதியத்துக்கு மேல் மழை, மழையோடு ஆலங்கட்டி. போன வருஷம் ஓர் ஆலங்கட்டி பிளாஸ்டிக் கூரையைக் கிழித்துக்கொண்டு நேராகச் சட்டிக்குள் விழுந்தது. “பாகுலியக்கா இப்பல்லாம் ஐஸ் போட்டுக் குடுக்குறாங்க” என்று ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே, முன்னறையில் நனையாமல் குளிராமல் போர்வை போர்த்தி நிற்கும் காரைப் பார்த்து அழுதாள். மனுஷிக்கு இல்லாத கூரை தகரத்துக்கு இருக்கிறதே என்றுதான்.

இந்த வருஷம் முதல் இடி கேட்ட அன்றைக்கே புருஷனை, வழக்கம்போலப் பிள்ளை பேரில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

“நீரி அப்பா, நல்லாக் கேட்டுக்க. மழை புடிக்கிறதுக்குள்ள ஒண்ணு கார் இந்த ரூம விட்டுப் போகணும், இல்ல நான் எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்.”

“பார்ப்போம்” என்றான் ஜாஃபி.

அந்த ஊரில் ஆண்பிள்ளை ‘பார்ப்போம்’ என்றால் ‘முடியாது’ என்று அர்த்தம். முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு. பெண்களுக்கு அந்த மரியாதை கட்டாயமில்லை.

“பார்க்க வேண்டாம். வித்துரு” என்றாள் பாகுலி.

அது ஜாஃபியின் அப்பா ஓட்டிய கார். காத்ரெல் என்று தீவு முழுக்கப் பேர் சொல்லும் பழைய பிரெஞ்சு வண்டி. பின்பக்கம் அலமாரிக் கதவு போல மேல்நோக்கித் திறக்கும். கியர்க் கம்பி தரையில் இருக்காது, ஓட்டுகிறவன் முகத்துக்கு எதிரே பலகையிலிருந்து குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்தும் தள்ளியும் போட வேண்டும். பெரியவர் அதை பெதாஃபு சாலையில் டாக்ஸியாக விட்டார். விடுவதற்கு முன் குறிகாரரிடம் போய் வண்டிக்குக் காப்பு வாங்கினார். காப்பு சும்மா வராது, கூடவே ஒரு விலக்கும் வரும். இந்தக் காப்பின் விலக்கு பன்றி. உயிரோடும் ஏறக் கூடாது, கறியாகவும் ஏறக் கூடாது, கொழுப்பு ஒட்டிய சட்டியாகக்கூட ஏறக் கூடாது. மலைச்சாலையில் ஆயுசு முழுக்க ஓட்டியும் பெரியவர் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கடைசியில் வீட்டுக் கட்டிலில் படுத்துத்தான் உயிரை விட்டார். காப்பு பலிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அவர் போன பிறகு வேலியோரம் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை ஜாஃபி ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து முன்னறையில் ஏற்றினான். பகலெல்லாம் பட்டறையில் ஊரார் வண்டிக்கு வைத்தியம், பொழுது சாய்ந்தால் இந்த வண்டிக்குச் சீராட்டு. ஆறு வருஷத்தில் அதைப் புதுமணப்பெண் போல ஆக்கிவிட்டான். பெரிய இஞ்சின், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பகல் போல எரிகிற விளக்கு, சாய்ந்தால் தூக்கம் வருகிற சீட்டு, போனிலிருந்தே பாட்டுப் பாடுகிற பெட்டி. விலக்கை மட்டும் மாற்றவில்லை. கார் நிற்கிற அறைக்குள்ளேயே பன்றிக் கறி வரப்படாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அதனால் பாகுலி ஆறு வருஷமாக, அடுப்படியிலிருந்து நேரே நாலெட்டில் தெருவுக்கு வரக்கூடிய ரவிதுதுச் சட்டியை, பக்கத்துச் சந்துச் சேற்றில் வழுக்கி வழுக்கிச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனாள். அவள் முட்டி போனதில் பாதி அந்தச் சந்தால் போனது.

அவள் பிடிவாதத்துக்கு விற்க ஒப்புக்கொண்டானே தவிர ஜாஃபி விற்கவில்லை. பார்க்க வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பினார்கள். ரெயூனியோன் தீவில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, காரைப் பார்த்ததும் கண் விரிந்து, கால் மணி நேரத்தில் முகம் சுருங்கிப் போனார்கள். பாகுலி அன்றைக்கு விசாரணை வைத்தாள்.

“அந்தாளு பிரேக் எப்படின்னு கேட்டான்ல, நீ என்ன சொன்ன?”

“நம்ம கைவேலை, பெருசாச் சொல்ல என்ன இருக்குன்னேன்.”

“அப்புறம்?”

“ஏதோ நிக்கும்னேன்.”

“ஏதோ நிக்குமா! போன மாசம் ஓட்டிப் பார்க்க எடுத்தப்ப நீ பிரேக் அடிச்சதுல என் மடியில இருந்த முட்டைக் கூடை கண்ணாடில போய் ஒட்டிக்கிச்சு. அந்த பிரேக்கு ஏதோ நிக்குமா! இஞ்சினைப் பத்தி?”

“கெளம்புனா ஓடும்னு சொன்னேன்.”

“யோவ், அவங்க வெளியூர்ல இருந்து வந்தவங்க. நீ சொன்னா சொன்னபடி எடுத்துக்கிறவங்க. நம்மாளா இருந்தா, இவன் இவ்வளவு தாழ்த்திப் பேசுறான்னா சரக்கு தங்கமா இருக்கும்னு நெனைப்பான்.”

“அதுக்காக நம்ம வாயால நம்மளையே புகழ முடியுமா, பாகுலி?”

“உன்னை எவன் புகழச் சொன்னான்? காரைப் புகழு.”

“ரெண்டும் ஒண்ணுதானே” என்றான் ஜாஃபி, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.

அதற்குமேல் அவளுக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் மழை வந்துகொண்டிருந்தது.

அம்பாதுலாம்பியிலிருந்து ரவெலுவும் ஒனொரீனும் வந்தது ஒரு சனிக்கிழமை. ரவெலு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சுற்றுப்பட்ட ஊர்களில் கல்யாணப் பேச்சு என்றால் அவர் நாக்கைத்தான் வாடகைக்கு எடுப்பார்கள். தொப்பியும் தோளில் வெள்ளைச் சால்வையுமாக, கார் பார்க்க வந்த மனிதர் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி வாசலில் நின்றார். அவர் பெண்டாட்டி ஒனொரீன் கனத்த சரீரம், கனத்த குரல். அம்பாதுலாம்பிக்காரி அலுமினியம் இல்லாமல் வருவாளா? கையில் அந்த ஊரில் வார்த்த பெரிய கரண்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டு வந்திருந்தாள்.

ஆண்கள் இரண்டு பேரும் முற்றத்தில் எதிரெதிரே நின்றுகொண்டார்கள். அந்த ஊரில் ஆண்கள் முறையாகப் பேசும் எந்தப் பேச்சும் மன்னிப்பில்தான் தொடங்கும். ரவெலு தொண்டையைச் செருமினார்.

“பேசத் தகுதியுள்ளவங்க எத்தனையோ பேர் இருக்கையில நான் வாய் தொறக்குறேன். மூத்தவங்க மன்னிக்கணும். இளையவங்க மன்னிக்கணும். இங்க இருக்கிறவங்க, இங்க வர முடியாம போனவங்க, மண்ணுக்குள்ள இருக்கிறவங்க, எல்லாரும் மன்னிக்கணும்.”

“மன்னிக்கிற அளவுக்கு நான் பெரியவனில்ல, அண்ணே” என்றான் ஜாஃபி. “இருந்தும் மன்னிச்சேன்னு சொன்னா, அப்படிச் சொன்னதுக்கு நீங்க என்னை மன்னிக்கணும்.”

பாகுலிக்குத் தெரிந்துவிட்டது, இது இன்றைக்கு முடிகிற காரியமில்லை. ஒனொரீன் அவளைப் பார்த்தாள். பார்வையிலேயே ஒருத்தியை ஒருத்தி எடை போட்டுக்கொண்டார்கள்.

“எங்க வீட்டுக்காரரு மன்னிப்புக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நெல்லு வெதைச்சு அறுத்துரலாம்” என்றாள் ஒனொரீன். “அடுப்படி எங்க இருக்கு தங்கச்சி?”

அடுப்படியில் ரவிதுது கொதித்துக்கொண்டிருந்தது. ஒனொரீன் அழைக்காமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த கரண்டியாலேயே சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இலை நல்லா இடிச்சிருக்க. உப்பு சரி. கறிதான் சரியில்ல. எவன்கிட்ட வாங்குற?”

“சந்தையில.”

“கெழட்டுப் பன்னி. கொழுப்பே இல்ல. நான் முப்பது வருஷமா பன்னி அறுக்குறவ, எங்கிட்ட கேளு. எங்க வீட்டு சாஸேஜுக்குத் தலைநகரத்துல இருந்து ஆளு வருது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இந்தக் காரு.”

பாகுலியின் அகப்பை ஒரு கணம் நின்றது. சட்டியின் மேல் எண்ணெய் மெதுவாகச் சுற்றியது. முன்னறையில் போடப்போகிற மேசைகள் எட்டும் அவள் கண்முன் வந்து நின்றன. அகப்பை மறுபடி ஓடத் தொடங்கியது. விலக்கு ஆம்பளைங்க சமாச்சாரம், அதை மாமனார் பார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“என்ன வெல நெனைச்சிருக்க?” என்றாள் ஒனொரீன்.

“இருபது மில்லியன்.”

“காரைத்தான் கேட்டேன். வீட்டையும் சேர்த்துக் கேக்கல.”

“நீங்க என்ன நெனைச்சு வந்தீங்க அக்கா?”

“பத்து.”

“பத்துக்கு ரெண்டு மாடு கட்டின வண்டி கெடைக்கும். அதுல பாட்டுப் பெட்டி இருக்காது, மாடுதான் பாடும்.”

“பாட்டு எனக்கெதுக்கு? எங்க வீட்டுக்காரரு பேசுறதே போதாதா? பன்னெண்டு.”

“என் வீட்டுக்காரன் ஆறு வருஷமா என்னைத் தொட்டதைவிட இந்தக் காரைத் தொட்டது அதிகம். அதுக்கு நஷ்டஈடு வேண்டாமா? பதினெட்டு.”

ஒனொரீன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்க வைத்துவிட்டால் பாதி விற்ற மாதிரி என்று பாகுலிக்குத் தெரியும். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி ஆளுக்கொரு குவளை குடித்தார்கள். குவளை காலியாவதற்குள் பதினைந்தில் வந்து நின்றது. அதற்குமேல் ஒனொரீன் வாரத்துக்கு ஒருமுறை நல்ல கொழுப்புக் கறியைச் சந்தை விலைக்குக் குறைத்துக் கொண்டுவந்து இறக்குவதாகவும் ஒப்புக்கொண்டாள். இருவரும் கையில் கை அடித்தார்கள்.

அந்நேரம் பார்த்து ஆலங்கட்டி கொட்டியது. தகரக் கூரையில் கல்லெறிந்த மாதிரி சத்தம். பெண்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினால் ஆண்களைக் காணோம். முன்னறையில் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியெல்லாம் மூச்சு பட்டு வெளுத்திருந்தது. உள்ளே ரவெலுவின் குரல் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“...இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்கிறதா காத்து வந்து சொல்லிச்சு.”

“பொண்ணுன்னு சொல்றதுக்கில்ல அண்ணே. வயசாச்சு. கண்ணு மாத்தினது. பல்லு கட்டினது. இடுப்புல தகடு வச்சது.”

“வயசுல என்ன இருக்கு? கொணம்தான் முக்கியம்.”

“கொணமும் அப்படித்தான். குளிர்ல எந்திரிக்க மாட்டா.”

பாகுலி கதவைத் திறந்தாள். “எந்திரிக்க மாட்டாளாம்! சாவியைத் திருப்புறதுக்குள்ள எந்திரிக்கிறா. ரெண்டு பேரும் எறங்குங்க. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு.”

“இன்னும் மன்னிப்பே முடியலையே” என்றார் ரவெலு, வருத்தமாக.

“மீதி மன்னிப்பைப் போற வழியில கேட்டுக்கலாம், எறங்குங்க” என்றாள் ஒனொரீன்.

ஜாஃபி இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை. அவன் ‘பார்ப்போம்’ என்று சொல்வதற்குக்கூட இனி இடமில்லை. ஒனொரீன் பின்பக்கம் போய் டிக்கியைத் தூக்கிவிட்டாள். பின் சீட்டை மடித்தாள். இரண்டு கையையும் விரித்து உள்ளே குனிந்து அளந்தாள்.

“அறுத்த பன்னி மூணு தாராளமாப் படுக்கும்” என்றாள். “நெருக்கிப் போட்டா நாலு.”

ஜாஃபியின் முகத்தில் மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது. மழைக்காலத்தில் வெயில் கண்டவன் சிரிப்பு.

“அக்கா மன்னிக்கணும்” என்றான். “எங்க அப்பாவோட வண்டி. காப்பு கட்டினது. பன்னி விலக்கு.”

ரவெலு உடனே தொப்பியைக் கழற்றினார். “விலக்கா? விலக்குன்னா விலக்குதான். அதுக்கு மேல பேச்சில்ல.” பேச்சில்லை என்று அவர் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஒனொரீன் டிக்கி விளிம்பிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். வண்டி முனகவில்லை, ஸ்பிரிங்கும் புதுசு. “உனக்கு முன்னாடியே தெரியும்ல தங்கச்சி?” என்றாள் பாகுலியைப் பார்த்து.

பாகுலிக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வெட்கத்தைவிட, எட்டு மேசையும் ஒவ்வொன்றாக வாசல் தாண்டிப் போவதுதான் அவளை அதிகம் சுட்டது. ஆலைச் சுவரோரம் அவளுடைய தள்ளுவண்டியின் புது பிளாஸ்டிக் கூரை ஆலங்கட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. சந்தையில் பேரம் முறிந்துவிட்டது என்று எல்லாரும் கூடையைத் தூக்கும்போதுதான் பாகுலிக்குப் புத்தி வேலை செய்யும்.

“நீரி அப்பா, விலக்கு எதுல இருக்கு?”

“இதென்ன கேள்வி? கார்ல இருக்கு.”

“கார்ல எங்க? இஞ்சின்லயா?”

ஜாஃபியின் கண் பானெட்டுக்குப் போனது.

“இஞ்சின் மாத்தின அன்னிக்கு என்னை உறங்க விடாம என்ன சொன்ன?”

“பழசு போயிருச்சு, இது மலையே ஏறும்னு சொன்னேன்.”

“பழசு எங்க?”

“எடைக்குப் போட்டேன்.”

“அப்ப இஞ்சின்ல இருந்த விலக்கு எடைக்குப் போயிருச்சு. தரை?”

“அது துரு. கால் வச்சா ரோடு தெரிஞ்சுது. புதுத் தகடு அடிச்சேன்.”

“கதவு?”

“வேற வேற வண்டியில கழட்டினது.”

“சீட்டு?”

“அப்பா சீட்டை எலி தின்னுட்டுது. இது ஜப்பான் வேனோடது.” அவன் சட்டென்று நிமிர்ந்தான். “கூரை! கூரை அப்பாவோடது!”

“கூரையைப் போன மழைக்கு முன்னாடி வெட்டிப் போட்டு வேற ஒட்டினியே?”

“ஆமா” என்றான்.

“நம்பர்?” என்றாள் ஒனொரீன், ஆர்வம் வந்து.

“நம்பர் அரசாங்கத்துது” என்றார் ரவெலு. “அதுல முன்னோர் தங்க மாட்டாங்க.”

முதல் மூன்று கேள்வி கேட்கும்போது பாகுலிக்கு ஜெயிக்கிற களிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் காரைச் சுற்றி நடந்தான். இங்கே தொட்டான், அங்கே தொட்டான். தானே போட்ட ஒவ்வொரு இணைப்பையும் அந்நியன் வேலையைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு ஓட்டுகிறவன் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“அப்பாவைக் காப்பாத்துறேன்னுதான் நெனைச்சேன், பாகுலி” என்றான். “ஆறு வருஷமா ஒவ்வொண்ணா வெளியில தூக்கிப் போட்டிருக்கேன்.”

அவளுக்கு இரண்டு கேள்விக்கு முன்னாலேயே வாயை மூடியிருக்கலாம் என்று தோன்றியது. மேசை போனால் போகிறது, இந்த மனிதனை இப்படிப் பார்க்க முடியாது என்று அவள் வாய் திறக்கும்போது, ஜாஃபியின் கை பழக்கத்தில் கியர்க் கம்பிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

கம்பியின் நுனியில் மாட்டுக் கொம்பில் கடைந்த குமிழ் ஒன்று இருந்தது. பெரியவர் வண்டி வாங்கிய புதிதில், இந்த ஊர்க் கொம்புக் கடைசல்காரனிடம் சொல்லிச் செய்தது. கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் ஜாஃபியின் விரல் இன்னும் சரியாக உட்காராது. அப்பாவின் விரல் தடியானது.

“இது மாத்தல” என்றான்.

எல்லாரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். பாகுலி இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள்.

“அப்ப விலக்கு இதுலதான் இருக்கு! மாமா இதுலதான் இருக்காரு. இது எங்க இருக்கோ அங்கதான் பன்னி வரக் கூடாது. இதைக் கழட்டிட்டா மிச்சமெல்லாம் வெறும் தகரம். நான் சொல்றது சரியா அண்ணே?”

ரவெலு தாடையைத் தடவி யோசித்தார். அவர் வாழ்க்கையில் எவ்வளவோ பேச்சைக் கேட்டவர், இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை. “சரிதான்” என்றார் கடைசியில். “பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டணும்.”

சாராயம் கொண்டுவந்தார்கள். வீட்டின் வடகிழக்கு மூலையில், முன்னோர் மூலையில், ஜாஃபி கொஞ்சம் ஊற்றினான். ரவெலு நீண்ட உரைக்குத் தயாராகித் தொண்டையைச் செருமினார். ஒனொரீன் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜாஃபி குமிழைப் பிடித்துக்கொண்டு மூன்று வார்த்தைதான் சொன்னான்.

“எறங்கி வாப்பா, போதும்.”

மரை இறுகியிருந்தது. கொஞ்சம் எண்ணெய் விட்டதும் கழன்று வந்தது. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே கை வைத்து மூடிக்கொண்டான். கம்பி மொட்டையாக நின்றது. ஒனொரீன் தன் கைக்குட்டையை அதில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மழை விட்டதும் அவளே ஓட்டினாள். பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ரவெலு, வண்டி திருப்பம் திரும்புகிறவரை ஜன்னல் வழியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். ஜாஃபி தெருவில் நின்று, சத்தம் அடங்கும்வரை இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாகுலியும் பக்கத்தில் நின்றாள்.

அடுத்த வாரமே பலகை அடித்து மேசைகள் வந்தன. சுவருக்கு நீலம் பூசினார்கள். எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் நாலு சக்கரத் தடமும் தரையில் அப்படியே இருந்தன. கடை திறக்கிற நாள் காலையில் ஒனொரீன் கறியைக் கொண்டுவந்து இறக்கினாள். அதே காத்ரெல்லில்தான். வழியில் ஒரு கோழியும் அடிபடவில்லை என்று முதல் வேலையாக ஜாஃபியிடம் சொன்னாள். அவன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏதோ ஓடுது” என்றான்.

சங்கு ஊதக் கொஞ்ச நேரம் இருந்தது. மழை தூறத் தொடங்கிவிட்டது. பாகுலி கொதிக்கிற ரவிதுதுச் சட்டியை இரண்டு துணி வைத்துப் பிடித்து, சந்துச் சேற்றைத் திரும்பிப் பார்க்காமல், ஆறு வருஷத்தில் முதல் முறையாக அடுப்படியிலிருந்து நேரே முன்னறைக்கு வந்தாள். வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

ஜாஃபி முக்காலி மேல் ஏறி நின்று, வடகிழக்கு மூலையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஆணியில் சிவப்புக் கயிறு. கயிற்றில் கொம்புக் குமிழ்.

“அது என்னது?” என்றாள், தெரியாதவள் போல.

“அப்பா.”

“அவரு மேல கட்டில்கிட்ட இருந்தாரே?”

“அங்க இருட்டு. ஒத்தையா இருக்காரு. இங்கன்னா ஆளுங்க வருவாங்க, போவாங்க. டாக்ஸிக்காரரு, ஜனங்களைப் பார்த்தே பழகினவரு.”

“நீரி அப்பா, என் கையில சட்டி.”

“பார்த்தேன்.”

“உள்ள வரணும்.”

“அது எங்க இருக்கோ அங்க பன்னி வரக் கூடாதுன்னு நீதானே சொன்ன? அம்பாதுலாம்பிக்காரங்க சாட்சி. ரவெலு அண்ணன் சரின்னுட்டாரு.”

தவளை தன் வாயால் கெடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் பாகுலி. சட்டியின் சூடு துணியைத் தாண்டி விரலுக்கு வந்தது. எதிரே ஆலை வாசலில் காவலாளி சங்கு அறைக்குப் போவது தெரிந்தது.

“கழட்டி மேல வை.”

“பார்ப்போம்” என்றான் ஜாஃபி.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருஷமாகச் சந்தையில் ஆள் முகம் பார்த்தவளுக்கு, எதிரே நிற்பது வியாபாரி என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“என்ன வேணும் உனக்கு?”

ஜாஃபி முக்காலியிலிருந்து இறங்கினான். தொண்டையைச் செருமவில்லை. மூத்தவர்களையும் இளையவர்களையும் கூப்பிடவில்லை.

“பின்முற்றம் வேணும்” என்றான். “கோழிக்கூடு இருக்கிற எடம். கூரை போட்டு.”

“எதுக்கு?”

“பெதாஃபு ரோட்ல ஒரு காத்ரெல் கெடக்கு. தரை இல்ல, இஞ்சின் இல்ல, ஒரே ஒரு கதவுதான். ஆனா கியர்க் கம்பி இருக்கு. பார்த்துட்டு வந்துட்டேன். மரை சரியா இருக்கு.”

“பாதி முற்றம் தர்றேன்.”

“பாதிக் கார் கெடைக்காது.”

“கோழி எங்க போகும்?”

“சந்துக்கு.”

“கூரை நான் போட மாட்டேன்.”

“நீதான் போடணும். பதினஞ்சுல இருந்து.”

சங்கு ஊதியது. ஆலைக் கதவு திறந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆட்கள் தெருவைக் கடந்து, நீலச் சுவரைப் பார்த்து, மேசையைப் பார்த்து, ஓடி வரத் தொடங்கினார்கள். பாகுலியின் விரல் எரிந்தது.

“சரி, எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்க. இப்ப அப்பாவை வெளிய கூட்டிட்டுப் போ!”

ஜாஃபி கயிற்றை அவிழ்த்து, குமிழைச் சட்டைப் பையில் போட்டுக் கை வைத்து மூடிக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டு வெளியே இறங்கினான். மழையில் நனைந்துகொண்டே சந்து வழியாகச் சுற்றி, கோழிக்கூட்டை எங்கே நகர்த்தலாம் என்று பார்க்கப் போனான். பாகுலி சட்டியை முதல் மேசையில் இறக்கினாள். அன்சிராபேச் சந்தையில் யாருக்கும் கேட்ட விலையைக் கொடுத்தறியாதவள், அன்றைக்குக் கொடுத்தாள். விலை கேட்டவன் கடைசிவரை ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.